பேட்டரி புதுசு, ஆனாலும் வண்டி நின்னுடுச்சா? பழைய காரின் சார்ஜிங் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

விழுப்புரத்தில் உறவினர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. இரவு 9 மணிக்கு, தாத்தா விட்டுச்சென்ற 1972 மாடல் அம்பாசடரில் சென்னைக்குக் கிளம்புகிறார் ஐ.டி. வேலையில் இருக்கும் ஓர் இளைஞர். பின் சீட்டில் அப்பா, அம்மா. திண்டிவனம் தாண்டியதும் மழை பிடிக்கிறது. வைப்பர் போடுகிறார். மேல்மருவத்தூர் வரும்போது ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாக மங்குகிறது. ஹார்ன் அடித்தால் முனகல்தான் வருகிறது. மதுராந்தகம் நெருங்கும்போது எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. லாரிகள் சீறிப் பாயும் நெடுஞ்சாலையில், பின்பக்க விளக்குகூட எரியாத ஒரு கார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள். "எனக்கும் இப்படித்தாங்க ஆச்சு" என்று ஒருவராவது ஆரம்பிப்பார்.

நம் இளைஞரின் கார் டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடிந்து பளபளவென்று வெளியே வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இது இரண்டாவது பேட்டரி. "பேட்டரி செத்துப்போச்சு தம்பி, வேற போட்டுருங்க" என்றார் முதல் மெக்கானிக். போட்டாயிற்று. "டைனமோ வைண்டிங் போயிருக்கும், கட்டிரலாம்" என்கிறார் இரண்டாமவர். "இதுக்கெல்லாம் இனிமே ஸ்பேர்ஸ் கிடைக்காதுடா, வித்துத் தொலை" என்கிறார் மாமா.

உண்மையில் கோளாறு எங்கே? அதைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஒரு மணி நேரப் பொறுமையும்தான். பொருளை மாற்றுவதற்கு முன்னால் அளந்து பார்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

சார்ஜிங் எப்படி நடக்கிறது?

வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி என்பது தொட்டி. கீழே இருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டார்தான் டைனமோ. தொட்டி நிரம்பி வழியாமல் அளவு பார்த்து நிறுத்துவது ரெகுலேட்டர். மோட்டார் ஓடாதபோது தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இறங்கிவிடாமல் தடுக்கும் வால்வுதான் கட்-அவுட்.

பழைய கார்களில் இந்த ரெகுலேட்டரும் கட்-அவுட்டும் ஒரே கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும். எஞ்சின் அறையில் பாடியோடு திருகியிருப்பார்கள். பெட்டி மொத்தத்தையுமே 'கட்-அவுட்' என்று சொல்வதும் உண்டு. மூடியைத் திறந்தால் செம்புக் கம்பி சுற்றிய இரண்டு காயில்கள் தெரியும். சில மாடல்களில் மூன்று.

தொட்டியில் தண்ணீர் இல்லை என்றால் உடனே புதுத் தொட்டி வாங்குவோமா? மாட்டோம். மோட்டார் ஓடுகிறதா, பைப் ஒழுகுகிறதா, வால்வு சரியா என்று பார்ப்போம். ஆனால் காரில் மட்டும் முதல் வேலையாகப் பேட்டரியை மாற்றிவிடுகிறோம். புதுப் பேட்டரி முழு சார்ஜோடு வருவதால் சில நாள் வண்டி நன்றாக ஓடும். 'சரியாயிடுச்சு' என்று நினைப்போம். பிறகு அதுவும் இறங்கும். லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி அடிமட்டம் வரை இறங்கவிட்டால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து, புதுப் பேட்டரியும் கெட்டுப்போகும்.

டைனமோவா, ஆல்டர்னேட்டரா?

வண்டியில் இருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் குணம் வேறு.

டைனமோ நீளமான உருளை வடிவில் இருக்கும். உள்ளே சுழலும் ஆர்மேச்சரில் மின்சாரம் உருவாகி, கம்யூட்டேட்டர், கார்பன் வழியாக நேர்மின்சாரமாகவே வெளியே வரும். 1950, 60-களின் பிரிட்டிஷ் கார்களிலும், அந்த வடிவமைப்பில் இங்கே தயாரான அம்பாசடர், ஹெரால்டு கார்களிலும் இருந்தது இந்த வகைதான். சென்னை பாடியில் பஸ் நிறுத்தத்துக்கே பெயர் தந்த லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் 1961-ல் தொடங்கப்பட்டது இந்த மாதிரி வாகன மின்சாதனங்களைத் தயாரிக்கத்தான்.

ஆல்டர்னேட்டர் குட்டையாக, குண்டாக, காற்றுத் துளைகளோடு இருக்கும். உள்ளே உருவாவது மாறுமின்சாரம்; டையோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றும். ஐடிலிங்கிலேயே ஓரளவு சார்ஜ் தரும். டைனமோ அப்படியல்ல. சிக்னலில் வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது அநேகமாக ஒன்றுமே தராது. பலர் கோளாறு என்று நினைப்பது பெரும்பாலும் இந்தக் குணத்தைத்தான்.

இன்னொரு விஷயம். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியில் இணைத்திருப்பார்கள். இதுதான் 'பாசிட்டிவ் எர்த்'. இப்போதைய கார்கள் எல்லாம் நெகட்டிவ் எர்த். பழைய கார்களில் சிலவற்றையும் இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். வயரில் கை வைப்பதற்கு முன், எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். இங்கே சொல்லும் சோதனைகள் நெகட்டிவ் எர்த் வண்டிக்கானவை. பாசிட்டிவ் எர்த் என்றால் மீட்டரின் சிவப்பு, கறுப்பு வயர்களை மாற்றிப் பிடிக்க வேண்டும்.

சிவப்பு விளக்கு சொல்லும் சேதி

மீட்டர் எடுப்பதற்கு முன்னால் டேஷ்போர்டைப் பாருங்கள். அங்கே இருக்கும் சிவப்பு இக்னிஷன் விளக்கின் ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் டைனமோ. இரண்டு பக்கமும் வோல்டேஜ் சமமானால் விளக்கு அணையும். வித்தியாசம் இருந்தால் எரியும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் கோளாறைக் கண்ணாலேயே படிக்கலாம்.

சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் வேகம் கூடியதும் அணைந்தால் பெரும்பாலும் நல்லது நடக்கிறது என்று அர்த்தம். டைனமோ வண்டியில் ஐடிலிங்கில் மட்டும் மினுமினுத்தால் கவலை வேண்டாம்.

எவ்வளவு ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் அணையவே இல்லை என்றால் டைனமோ மின்சாரம் தரவில்லை. பெல்ட் அறுந்திருக்கலாம், கார்பன் தேய்ந்திருக்கலாம், வைண்டிங் போயிருக்கலாம்.

சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், வயர் விட்டிருக்கலாம். டைனமோ வண்டியில் இதனால் சார்ஜ் நிற்காது. பல ஆல்டர்னேட்டர்களுக்கோ, தொடக்கத்தில் காந்தம் உண்டாகத் தேவையான சிறு மின்சாரமே இந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் சார்ஜும் போகலாம்.

வேகம் கூடும்போது அணைந்து, இன்னும் கூட்டினால் மறுபடி பளிச்சென்று எரிந்தால்? இது முக்கியமான துப்பு. டைனமோவின் வோல்டேஜ் பேட்டரியையும் தாண்டி எகிறுகிறது, ஆனால் அந்த மின்சாரம் பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். டைனமோ நன்றாக இருக்கிறது. நடுவில் இருக்கும் கட்-அவுட் கதவைத் திறக்கவில்லை.

சாவியை எடுத்த பிறகும் எரிகிறதா? கட்-அவுட் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆல்டர்னேட்டராக இருந்தால் டையோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். பேட்டரி மின்சாரம் பின்னோக்கிப் பாய்கிறது. வயர் சூடாகிப் புகையக்கூட வாய்ப்புண்டு. உடனே பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

நம் இளைஞரிடம் கேட்டால், "ஆமா, ஹைவேல வேகமா போறப்ப சிவப்பு லைட் நல்லா பிரகாசமா எரிஞ்சுது. ஐடிலிங்ல எரியுற மாதிரி இதுவும் சகஜம்னு நெனச்சேன்" என்கிறார். கோளாறு தன்னைத்தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் அதை நம்புவதற்கு முன், ஒவ்வொன்றாக அளந்து பார்த்துவிடுவது நல்லது.

படி 1: பேட்டரியைப் பாருங்கள்

மூடிகளைத் திறந்து ஆறு அறைகளிலும் தகடுகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரோ ஆசிட்டோ கூடாது. டெர்மினலில் வெள்ளை, பச்சைப் பொடி பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

வண்டியை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மீட்டரை வைத்துப் பாருங்கள். ஓடி நின்ற உடனே அளந்தால் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும்.

• 12.6 வோல்ட் அல்லது சற்று மேல்: முழு சார்ஜ்
• 12.4 வோல்ட்: சுமார் முக்கால்
• 12.2 வோல்ட்: சுமார் பாதி
• 12 வோல்ட்: கால்வாசிதான்
• 11.9-க்குக் கீழே: காலி

அடுத்து, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சுமார் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது. ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்ததும் 7, 8 என்று விழுந்தால் பேட்டரிதான் சிக்கல்.

ஹைட்ரோமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம். ஆறு அறைகளில் ஐந்து ஒரே மாதிரி காட்டி, ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் குறைந்தால் அந்த செல் போய்விட்டது. அதை எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பயனில்லை.

நம் அம்பாசடரின் பேட்டரியைக் கடையில் கொடுத்து மெதுவாக சார்ஜ் ஏற்றி வைத்ததும், மறுநாள் காலை 12.6 நிற்கிறது. செல்ஃப் அடித்தால் 10.4. ஆக, பேட்டரி நிரபராதி.

படி 2: ஃபேன் பெல்ட்

எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் அரை இன்ச் உள்ளே போகலாம். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் வழுக்கும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னினாலும் வழுக்கும். ஆக்சிலரேட்டர் மிதித்ததும் 'கீச்ச்' சத்தம் வந்தால் அதுவும் பெல்ட்தான்.

அதற்காக வீணைக் கம்பிபோல் முறுக்கிவிடவும் கூடாது. டைனமோ பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

படி 3: எஞ்சின் ஓடும்போது அளவு என்ன?

மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலிங்கில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்து, லைட் எல்லாம் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

13.5 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் சார்ஜிங் நடக்கிறது. இனி ஹெட்லைட் போட்டுப் பாருங்கள். 13-க்கு மேல் நின்றால் நிம்மதி. 15-ஐத் தாண்டினால் ஓவர் சார்ஜ். பேட்டரித் தண்ணீர் அடிக்கடி வற்றுவது, அழுகிய முட்டை நாற்றம், பல்புகள் அடுத்தடுத்து ஃபியூஸ் ஆவது எல்லாம் இதன் அடையாளங்கள். எஞ்சின் நின்றிருந்தபோது இருந்த அதே அளவிலோ, அதற்கும் கீழேயோ நின்றால் சார்ஜ் வரவில்லை.

நம் வண்டியில் எஞ்சின் ஓடியும் 12.4. எவ்வளவு மிதித்தாலும் ஏறவில்லை. சார்ஜ் வரவில்லை என்பது உறுதி. டைனமோ தரவில்லையா, தந்தும் வந்து சேரவில்லையா என்பதுதான் இனி கேள்வி.

படி 4: டைனமோவைத் தனியே பிரித்துச் சோதியுங்கள்

லூகாஸ் வகை டைனமோவின் பின்புறம் இரண்டு முனைகள் இருக்கும். பெரியது 'டி', சிறியது 'எஃப்'. முதலாவது மின்சாரம் வெளியே வரும் வழி. இரண்டாவது காந்தப்புலக் காயிலுக்குப் போகும் வழி.

எஞ்சினை நிறுத்தி, இரண்டு வயர்களையும் கழற்றி, அவை எதிலும் படாமல் டேப் சுற்றிவிடுங்கள். ஒரு துண்டு வயரால் 'டி', 'எஃப்' முனைகளை ஒன்றாக இணையுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை அந்த இணைப்பிலும், கறுப்பு வயரை டைனமோவின் உடலிலும் வையுங்கள். எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, மெல்ல மெல்ல வேகம் கூட்டுங்கள்.

அளவு தடுமாற்றமில்லாமல் சரசரவென ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தொடவிடாமல் நிறுத்திவிடுங்கள். இந்த நிலையில் ரெகுலேட்டர் இல்லை. கட்டுப்படுத்த ஆளில்லாமல் ஓடினால் டைனமோ எரிந்துவிடும். சில நொடிகள் போதும்.

• அளவே காட்டவில்லை: கார்பன் தேய்ந்திருக்கலாம், சிக்கியிருக்கலாம்
• அரை முதல் 1 வோல்ட் மட்டும்: ஃபீல்டு காயில் சந்தேகம்
• 4, 5 வோல்ட்டில் நின்றுவிடுகிறது: ஆர்மேச்சர் வைண்டிங் சந்தேகம்
• நன்றாக ஏறுகிறது: டைனமோ ஓகே, கோளாறு வயரிங்கிலோ கட்-அவுட் பெட்டியிலோ

கார்பன் மாற்றுவது சின்ன வேலை. மாற்றும்போது கம்யூட்டேட்டரை நைஸ் உப்புத்தாளால் துடைத்துவிடலாம். பின்பக்க புஷ்ஷுக்கான துளையில் சர்வீஸின்போது இரண்டு மூன்று சொட்டு எஞ்சின் ஆயில் விடுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் உள்ளே உரசிப் பெரிய செலவு வைக்கும்.

பல மாதம் ஓடாமல் கிடந்த வண்டி என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டைனமோ மின்சாரம் தரத் தொடங்குவதே அதன் இரும்பில் மிச்சம் இருக்கும் கொஞ்சம் காந்தத்தை வைத்துத்தான். அது போய்விட்டால் எல்லாம் சரியாக இருந்தும் டைனமோ எழாது. அப்போது 'எஃப்' வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து 'எஃப்' முனையில் ஒரு நொடி தொட்டு எடுப்பார்கள். பாசிட்டிவ் எர்த்திலிருந்து நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினாலும் இதைச் செய்ய வேண்டும். ஆல்டர்னேட்டரில் இதை முயற்சி செய்யக் கூடாது.

நம் அம்பாசடரில்? வேகம் கூட்டக் கூட்ட 8, 12, 15, 17. சுத்தமாக ஏறுகிறது. 'வைண்டிங் கட்டிரலாம்' என்ற செலவு இந்த ஐந்து நிமிடச் சோதனையில் தப்பியது.

படி 5: எர்த்... யாரும் பார்க்காத இடம்

மின்சாரம் போகும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். திரும்பி வரும் வழியை யாரும் பார்ப்பதில்லை. காரில் திரும்பி வரும் வழி பாடிதான். பேட்டரியிலிருந்து பாடிக்கு ஒரு எர்த் வயர். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், எஞ்சினிலிருந்து பாடிக்குத் தனியாக இன்னொரு எர்த் பட்டை. கட்-அவுட் பெட்டிக்கும் 'ஈ' என்ற எர்த் முனை உண்டு.

இவற்றைக் கண்ணால் பார்த்துப் பயனில்லை. துருவும் பெயிண்டும் உள்ளே ஒளிந்திருக்கும். மீட்டரால்தான் பிடிக்க முடியும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, ஹெட்லைட்டும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் போஸ்ட்டிலும், இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வையுங்கள். அதிகபட்சம் 0.2 வோல்ட். அதற்கு மேல் காட்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது. இதேபோல் பாடி, கட்-அவுட்டின் 'ஈ' முனை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

நம் வண்டியில் எஞ்சின்: 0.1. பாடி: 0.05. இரண்டும் சுத்தம். கட்-அவுட்டின் 'ஈ' முனையில் வைத்ததும் மீட்டர் எகிறுகிறது. பல வோல்ட்!

காரணம் எளிது. பெயிண்டிங் செய்தபோது எஞ்சின் அறைக்கும் அழகாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். காய்ந்த பிறகு பெட்டியை மறுபடி திருகினார்கள். எர்த் வயரின் வளையத்துக்கும் பாடி இரும்புக்கும் நடுவே புத்தம்புதுப் பெயிண்ட். பெயிண்டில் மின்சாரம் போகாது.

கட்-அவுட் காயில் வேலை செய்ய அதன் வழியே மின்சாரம் பாய்ந்து எர்த்துக்குப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் காந்தம் இல்லை, பாயிண்ட் மூடாது, டைனமோ தரும் மின்சாரம் வாசலிலேயே நிற்கும். ரெகுலேட்டர் காயிலுக்கும் அதே கதி. அதனால்தான் டைனமோ கட்டுப்பாடில்லாமல் எகிறி, சிவப்பு விளக்கு வேகத்தில் பளிச்சென்று எரிந்தது. இன்னும் கொஞ்ச காலம் இப்படியே ஓட்டியிருந்தால் நல்ல டைனமோவும் எரிந்துபோயிருக்கும்.

தீர்வு? திருகைக் கழற்றி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு மின்னியதும் இறுக்கி, துரு பிடிக்காமல் இருக்க மேலே வாசலின் தடவியதுதான். இப்போது வேகம் கூட்டினால் பேட்டரியில் 14.1 வோல்ட். மொத்தச் செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

கோளாறே இல்லாமலும் பேட்டரி இறங்குமா?

இறங்கும். சம்பளத்தைவிடச் செலவு அதிகமானால் சேமிப்பு கரைவதுபோல.

அந்தக் காலத்தில் பரவலாக இருந்த லூகாஸ் சி-40 வகை டைனமோ முழு வேகத்தில் தருவது சுமார் 22 ஆம்பியர். இப்போது செலவைக் கணக்கிடுவோம். 60 வாட் ஹாலோஜன் ஹெட்லைட் இரண்டு: 10 ஆம்பியர். பார்க்கிங், டெயில் விளக்குகள்: சுமார் 2. இக்னிஷன்: 3 முதல் 4. வைப்பர்: 3. பிரேக் மிதித்தால் இரண்டு 21 வாட் பல்பு: மூன்றரை. இதுவே ஏறக்குறைய 22 ஆகிவிட்டது. இதன் மேல் புளூடூத் ஸ்டீரியோ, மொபைல் சார்ஜர், கூடுதலாக மாட்டிய ஃபேன் எல்லாம் சேர்ந்தால்? அதுவும் மழை இரவில், சிக்னலுக்குச் சிக்னல் ஐடிலிங்கில் நிற்கும்போது டைனமோவின் வரவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

இந்த நிலையில் எதை ரிப்பேர் செய்தாலும் பயனில்லை. செலவைக் குறைக்க வேண்டும் அல்லது வரவைக் கூட்ட வேண்டும். உள் விளக்கு, டெயில் விளக்குகளுக்கு எல்.இ.டி. போடுவது, தேவையற்ற கருவிகளை எடுத்துவிடுவது முதல் வழி. ஆல்டர்னேட்டருக்கு மாறுவது இரண்டாவது வழி. அதற்கு நெகட்டிவ் எர்த் அவசியம். பழைய கட்-அவுட் பெட்டியைச் சுற்றிலிருந்து விலக்கி, சார்ஜிங் வயரையும் தடிமனாக மாற்ற வேண்டும். பழைய வயரில் அப்படியே கூடுதல் மின்சாரத்தை ஓட்டினால் வயர் சூடாகித் தீப்பிடிக்கலாம்.

ஓடும்போது சரி, நிறுத்தினால் இறங்குகிறதா?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுபவர்களின் முக்கியமான புகார் இது. சார்ஜிங் சரியாகவே இருக்கலாம்; நிறுத்தியிருக்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சுகிறது.

எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். மீட்டரை 10 ஆம்பியர் அளவுக்கு மாற்றி, வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் இணையுங்கள். எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய காரில் அளவு பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியர் கசிந்தால்கூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் போகும். 40 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டரை வாரத்தில் பாதியாகிவிடும். கசிவு இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் அளவு விழுகிறதோ, குற்றவாளி அந்த வழியில் இருக்கிறார். பெரும்பாலும் பின்னாளில் மாட்டிய ஸ்டீரியோ, ஜி.பி.எஸ். டிராக்கர், அணையாத டிக்கி விளக்கு.

மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது சாவி போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது. மீட்டர் தாங்காது.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

• "ஓடும்போதே பேட்டரி வயரைக் கழட்டிப் பாரு. வண்டி ஓடுனா டைனமோ நல்லா இருக்குன்னு அர்த்தம்." பல ஷெட்களில் இன்றும் நடக்கும் சோதனை இது. ஆல்டர்னேட்டர் வண்டியில் இப்படிச் செய்தால் வோல்டேஜ் திடீரென எகிறி டையோடு, ரெகுலேட்டர், ஸ்டீரியோ எல்லாம் ஒரே நொடியில் போகலாம். மீட்டர் இருக்கும்போது இந்த ரிஸ்க் எதற்கு?

• சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. டெர்மினலில் ஸ்பேனரைத் தட்டிப் பொறி வரவைத்து 'கரண்ட் இருக்கா' என்று பார்ப்பதும் கூடாது. பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கலாம்.

• ரெகுலேட்டர் பெட்டிக்குள் இருக்கும் திருகுகளைக் குத்துமதிப்பாகத் திருகாதீர்கள். மீட்டர் வைத்துச் செட் செய்யத் தெரிந்த பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

• மோதிரம், உலோக வாட்ச் ஸ்ட்ராப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது துப்பட்டா, டை, நீளமான சட்டைக் கை எல்லாம் ஃபேனிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

• பேட்டரியைக் கழற்றும்போது எர்த் வயர் முதலில், மாட்டும்போது எர்த் வயர் கடைசியில். ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாது.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும் என்றில்லை. ஆனால் "வண்டி நின்னுடுச்சுண்ணே" என்று போவதற்கும், "நைட் நிறுத்தி வெச்சா 12.6 இருக்கு, எஞ்சின் ஓடுறப்ப 12.4-தான் வருது, டைனமோவைத் தனியா பாத்தா 17 வரைக்கும் ஏறுது" என்று போவதற்கும் நிறைய வித்தியாசம். முன்னதில் அவர் ஊகிக்க வேண்டும். ஊகத்துக்கான பில் உங்களுக்கு வரும். பின்னதில் நேராகக் கட்-அவுட்டைத் திறப்பார்.

உதிரிபாகம் பற்றிய பயமும் பாதிதான் உண்மை. அம்பாசடர் உற்பத்தி நின்றது 2014-ல்தான். கார்பன், புஷ், பெல்ட், கட்-அவுட் போன்றவற்றுக்குச் சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை கடைகளில் தேடிப் பார்க்கலாம். உண்மையிலேயே அரிதாகி வருவது, இவற்றை அளந்து பார்த்துச் சரிசெய்யத் தெரிந்த கைகள்தான். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் அவர் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் இளைஞர் அடுத்த முறை விழுப்புரம் கிளம்பும்போது க்ளவ் பாக்ஸில் ஒரு மல்டிமீட்டர் இருக்கும். மேல்மருவத்தூரில் மழை பிடித்தாலும் ஹெட்லைட் வெள்ளையாகவே எரியும். சிவப்பு விளக்கு அணைந்தே இருக்கும். ஒருவேளை எரிந்தால், அது எதைச் சொல்கிறது என்று இப்போது அவருக்குத் தெரியும்.